தேநீரும் சாயாவும்

ஆய்வின் பொருட்டுக் கலூரில் குடியேறி ஓராண்டாகிறது. நாள்தோறும் காலையில் 'ஒரு சாயா' என்று கேட்கிறேன். கடைக்காரர் கொதிநீரில் இடுவதோ 'தேயில'. ஒரே செடிக்கு ஒரே கடையில் இரு பெயர்கள்.

இரண்டிற்கும் வேர் சீனமே. ஒரே எழுத்தைக் கண்டோனியர் 'சா' என்பர். ஃபூஜியன் கடற்கரையின் ஹொக்கியன் மொழியினர் 'தே' என்பர். 1557-இல் மக்காவில் நிலைகொண்ட போர்த்துக்கேயர் முன்னதையும், டச்சுக்காரர் பின்னதையும் தம் மொழிகளில் ஏற்றனர். கொச்சி 1663-இல் போர்த்துக்கேயரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியது. இந்தப் பொருத்தம் என்னை மயக்கிவிட்டது. சாயாவை முன்னவரும் தேயிலையைப் பின்னவரும் இங்கு இறக்கினர் என்று ஆய்வேட்டின் வரைவில் உறுதியாக எழுதினேன்.

நெறியாளர் ஓரத்தில் ஒரு சொல்லே எழுதியிருந்தார்: "பாரசீகம்?"

தரைவழியே பரவிய 'சாய்' என்னும் பாரசீக வடிவம் வட இந்திய மொழிகளின் ஊடாகவும் இங்கு வந்திருக்கலாம். ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் 'டீ'யை 'டே' என்றே ஒலித்தனர். டகாலோக்கின் பன்சித், லும்பியா ஆகிய உணவுச் சொற்கள் கண்டோனியம் அல்ல, ஹொக்கியன் என்பதை ஒலியே காட்டிவிடும். சீனக் குடியேறிகள் நேரே கொண்டுவந்தவை அவை. நம் சொற்களோ பல கை மாறியவை. ஆட்சி மாறிய ஆண்டு, சொல் வந்த ஆண்டுக்குச் சான்றாகாது. அப்பத்தியை நீக்கிவிட்டேன்.

நீக்கும்போது ஊரில் அப்பா நடத்திய கடை நினைவுக்கு வந்தது. பலகையில் 'தேனீர்' என்றிருந்தது. இளங்கலை மாணவனாயிருந்த நான், 'தேன் + நீர் என்றாகிவிடும். தே + நீர், தேநீர் என்பதே சரி' என்று வாதிட்டேன். 'தேனா இருக்கட்டும்னுதான் எழுதுனேன்' என்று சிரித்தவர், மறுவாரமே பலகையைத் திருத்தினார். "அந்தத் 'தே' எந்த ஊர்ச் சொல்லுப்பா?" என்றும் கேட்டார். சற்றும் தயங்காமல் 'தமிழ்தான்' என்றேன்.

நேற்றிரவு தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

"அப்போ என் தேனும் தப்பு, உன் தமிழும் தப்பு. பலகைக்குப் பெயிண்ட் அடிச்ச காசு மட்டும் என்னோடதா?"