பதினெட்டடிப் பாதை

சாத்தூர்ப் பகுதியில் மழை பெய்தால் கரிசல் சேறாகும். சேறும் நீரும் உட்புகாதிருக்க வீட்டுத் தரையை உயர்த்திக் கட்டுவர். வாசலில் மூன்று படிகள் வந்துவிடும். நடப்பவருக்கு அவை படிகள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ மதில்.

சாய்தளத்திற்குக் கணக்கு உண்டு. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம். ஒன்றரையடி வாசலுக்குப் பதினெட்டடி! இருசக்கர வண்டி ஏற்றுவதற்குப் பூசிய செங்குத்தான சிமெண்டுச் சரிவு இதற்கு உதவாது. கை தளர்ந்தால் நாற்காலி பின்னோக்கி உருளும். முற்றம் சிறிதாயின் சுவரையொட்டித் திருப்பிக் கட்டலாம். திருப்பத்தில் ஐந்தடிச் சதுரம் சமதளமாக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் மண்தான். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதனை அகழ்ந்தெடுத்துச் சரளை மண்ணிட்டு இறுக்காவிடில் மேலே இட்ட தளமும் உடன் பிளக்கும். நிழலுக்கு வேம்பு நன்று. ஆயினும் பாதையை ஒட்டி வேண்டா, வேர் தளத்தைத் தூக்கிவிடும்.

ஆய்க்குடி எஸ். இராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தார். 1981இல் தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, மாற்றுத்திறனாளிகள் கல்வியும் தொழிலும் பயில வழிசெய்தார். எனினும், பயின்றவர் வீடு திரும்புகையில் வாசற்படி காத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களைத் திருத்தச் சொல்கிறது. குடியிருக்கும் வீட்டைத் திருத்துவது குடும்பத்தார் கையில்தான் உள்ளது.

தெருவில் வெள்ளரிப் பிஞ்சு விற்பவர் கூவும்போது, எவரையும் அழைக்காமல் தாமே இறங்கிச் சென்று பொறுக்கி வாங்க, அந்தப் பதினெட்டடி வேண்டும்.