மூடுவதற்கு முன் பார்த்தவர் யார்?

திண்டுக்கல் மாவட்டத்து எரியோட்டுப் பக்கம் விமானம் என்றால் அது தலைக்கு மேலே போகிற ஒன்று. தரையில் தெரிகிற தொழில், நூல்மில்களும் அவற்றுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன்களும்தான். ஆனால் ஊர் வழியாகப் போகும் ரயில் பாதையின் இரு முனைகளிலும் இரண்டு பழுத்த கைத்தொழில்கள் இருக்கின்றன. தெற்கே, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு. வடக்கே, கரூரின் பஸ் பாடி கட்டும் தொழில். வீட்டிலேயே ஆட்கள் கட்டிக்கொள்ளும் சிறு விமானத்தின் இறக்கை வேலையை இந்த இரண்டுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மூன்றிலும் வேலையின் உயிரான பகுதி கடைசியில் தகட்டுக்குள் மறைந்துபோகிறது. பூட்டின் லீவர்களை அரத்தால் ராவிச் சாவிக்குப் பொருத்தியபின் மேல்தகட்டை ரிவெட் அடித்து மூடிவிடுகிறார்கள். பஸ்ஸின் சட்டத்தையும் ஒயரையும் பக்கத் தகடு மூடுகிறது. இறக்கையும் அப்படியே. இறக்கை கட்டத் தேவையான கைத்திறன் நம்மிடம் குறைவில்லை. மூடப்போகும் வேலையை மூடுவதற்கு முன் இன்னொருவர் கண்ணுக்குக் காட்டி, எழுதி, கையெழுத்து வாங்கும் பழக்கம்தான் குறைவு என்பது என் கருத்து.

கைத்திறன் இருக்கிறது என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1909-இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி உலகெங்கும் ஆசையைக் கிளப்பியது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த கோர்சிகாக்காரர் ஜியாகொமோ டி ஆஞ்சலிஸையும் அது விடவில்லை. தானே ஒரு விமானத்துக்குத் திட்டம் போட்டு, அதைக் கட்டும் வேலையைச் சிம்சன் கம்பெனியிடம் ஒப்படைத்தார். சிம்சன் 1840-இல் தொடங்கிய குதிரை வண்டிப் பட்டறை. 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அந்த விமானம் சோதித்துப் பார்க்கப்பட்டது. பிறகு தீவுத்திடலில் பொதுமக்கள் முன் பறந்தது. விமானத் தொழிற்சாலை என்ற ஒன்றே நாட்டில் இல்லாத காலத்தில் அதைக் கட்டியவர்கள் வண்டிக்குக் கூண்டு கட்டத் தெரிந்த தச்சர்களும் கொல்லர்களும்தான். சட்டம் கோணாமல் நிற்க வேண்டும், எடை கூடக் கூடாது, மேலே இழுத்துப் போர்த்துவது தளரக் கூடாது என்ற மூன்றையும் அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள்.

இன்றைய வீட்டுக் கட்டுமான இறக்கை பெரும்பாலும் அலுமினியம். நடுவே நீளவாக்கில் ஸ்பார் என்ற முதுகெலும்பு. குறுக்கே ரிப் வரிசை. மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு. இவற்றைச் சேர்ப்பவை ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். பாகங்களாக வரும் பல கிட்களில் இதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் வெளியிலிருந்து ரிவெட் துப்பாக்கியால் அடிக்க, மற்றவர் உள்ளே கையை விட்டு இரும்புக் கட்டியை அண்டக் கொடுக்கிறார். அடித்து முடித்த தலை, ரிவெட் தண்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருந்தால் சரி. துளை தகட்டின் விளிம்பிலிருந்து விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். துளையின் ஓரத்துப் பிசிறை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்க வேண்டும். விரிசல் அங்கேதான் பிறக்கிறது. இந்த வேலை பாடி கட்டுபவருக்குப் புதிதல்ல. ஆனால் பட்டறையின் ஒரு பழக்கத்தை அவர் விட்டாக வேண்டும். பஸ் தகடு வளைந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். செம்பு கலந்த விமான அலுமினியத்தைக் கூர்மையாக மடக்கி மறுபடி நிமிர்த்தினால், கண்ணுக்குத் தெரியாத கீறலோடு அது உள்ளேயே இருந்துவிடும்.

ஒயரிங்கிலும் இதே நிலைதான். இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை, இறங்குவதற்கான பெரிய விளக்கு, காற்றின் வேகத்தை அளக்கும் குழாயின் சூடேற்றி, எரிபொருள் மட்டம் சொல்லும் கருவி என எல்லாவற்றுக்கும் ஒயர் இறக்கைக்குள்தான் போகிறது. கடைசித் தகடு மூடுமுன் ரிப் துளைகள் வழியே நெளிவுக் குழாயைச் செருகிவிடுகிறார்கள். பின்னாளில் புதிய ஒயர் இழுக்க அதுவே வழி. துளை விளிம்பில் உறை உரசாமலிருக்க புஷ் போடுகிறார்கள். முனையைப் பற்றவைப்பதைவிட இறுக்கி அமுக்கும் கிரிம்ப்பையே விரும்புகிறார்கள். காரணம், ஈயம் ஒயரின் இழைகளுக்குள் ஏறி விறைத்துவிடுகிறது. விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு ஒயரை முறிக்கிறது. பஞ்சு பறக்கும் மில்லில் ஒரு தளர்ந்த இணைப்பு என்ன செய்யும் என்பது நம் எலக்ட்ரீஷியன்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மில்லில் மெயினை அணைக்கலாம், பஸ்ஸை ஓரங்கட்டலாம். ஆகாயத்தில் அந்த வசதி இல்லை. அதனால்தான் எந்த ஒயர் எங்கே போகிறது என்ற படமும், மூடுமுன் எடுத்த போட்டோவும் அங்கே வேலையின் பகுதியாகவே கருதப்படுகின்றன.

கேரளத்தைச் சேர்ந்த அசோக் தாமரக்ஷன், கொரோனா ஊரடங்கின்போது இங்கிலாந்தின் எசெக்ஸில் ஸ்லிங் டிஎஸ்ஐ என்ற நான்கு இருக்கை விமானத்தை கிட்டிலிருந்து கட்டி, 2022-இல் குடும்பத்தோடு ஐரோப்பாவில் பறந்தார். அவர் பொறியாளர், ஆனால் விமானம் கட்டுவது தொழிலல்ல. அவரை நம்பிப் பறக்கவிட்டது பட்டமல்ல, கட்டம் கட்டமாக வந்து பார்த்துக் கையெழுத்திடும் அந்நாட்டுப் பரிசோதக முறை. தொழிற்சாலைப் பெயர் அந்தக் கண்ணுக்கு ஈடாகாது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் வேன்ஸ் என்ற விமானக் கிட் நிறுவனம் லேசரால் துளையிட்டு அனுப்பிய பாகங்களில், துளைகளைக் குழித்தபோது விரிசல் விழுவதை வாங்கியவர்கள் கண்டார்கள். 2023-இல் அது பெரும் பிரச்சினையாகி, அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்புக்கு மனுப்போடும் நிலைக்குப் போனது.

ஆபத்தான விளையாட்டு என்று சொல்பவர்களுக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். தொழிற்சாலைச் சிறு விமானங்களைவிட வீட்டில் கட்டியவற்றின் விபத்து விகிதம் அமெரிக்காவில் அதிகம். அதை மறைக்க முடியாது. ஆனால் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வு முதன்மையாகக் குறிப்பிட்டது இன்ஜின் கோளாறையும், விமானியின் கட்டுப்பாடு கைநழுவுவதையும். இறக்கை முறிவது முன்வரிசையில் இல்லை. பலர் கண்ணுக்குக் காட்டிக் கட்டிய பகுதி தாங்குகிறது என்றே இதைப் படிக்கிறேன். பணக்காரர் பொழுதுபோக்கு என்பதும் முழுப் பொய்யல்ல. அசோக்கின் விமானத்துக்கு ஒரு லட்சம் பவுனுக்கு மேல் செலவானது. சட்டமும் சுலபமல்ல. மும்பையில் மாடியில் விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், 2016-இல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் அதை வைத்த பிறகும் பதிவு கிடைக்க 2017 நவம்பர் ஆயிற்று. எரியோட்டில் வீட்டுக்கொரு விமானம் கட்டலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் கேட்பது சிறியது. 2019-இல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகள் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி. திண்டுக்கல் அதில் இல்லை. அந்த முனைகளுக்குப் பாகம் செய்து கொடுக்க நினைக்கும் எந்தப் பட்டறையிடமும் முதலில் கேட்கப்போவது, எந்தத் தகடு, யார் அடித்தது, யார் பார்த்தது என்ற தாளைத்தான். பேருந்துக்கு ஏ.ஐ.எஸ். 052 விதி வந்தபோது கரூர்ப் பட்டறைகள் படமும் அங்கீகாரமும் இல்லாமல் பாடி கட்ட முடியாது என்பதை ஏற்றுத் தொழிலைத் தொடர்ந்தன. ஆகவே நம் ஆட்களுக்குத் தாள் ஒத்துவராது என்ற சாக்கு செல்லாது. மாவட்டத்து ஐ.டி.ஐ.களில் ஷீட் மெட்டல் மாணவரும் எலக்ட்ரீஷியன் மாணவரும் சேர்ந்து ஒரு மீட்டர் நீள இறக்கைத் துண்டு ஒன்றைக் கட்டட்டும். ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துக் குறை எழுதட்டும். திருத்தியபின் இருவரும் கையெழுத்திடட்டும். அந்தத் துண்டு ஒருநாளும் பறக்க வேண்டியதில்லை. தேர்வில் பாதி மதிப்பெண் ரிவெட்டுக்கும் ஒயருக்கும். மீதிப் பாதி, குறையைக் கண்டு எழுதியவருக்கு.