தஃபின் குரலைக் காத்திடுவோம்

நாகூர் தர்காவில் பக்கீர்கள் தஃப் முழக்கிப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். தஃப் அறிந்த முதியவர் ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருக்கக்கூடும். அவர்தம் கைத்தாளத்தை இன்றே பதிந்து வையுங்கள்.

அண்ணனூரில் என் பத்தடி அறையில் நான் கைக்கொள்ளும் முறை இது: ஒருதிசை மைக்கைத் தோலோடு ஒட்டி வைத்தால் அடித்தொனி வீங்கி, விரல்நுனியின் நுண்ணொலி மறையும். எட்ட வைத்தாலோ சுவர்களின் எதிரொலி மேலோங்கும். தொலைவு இருமடங்கானால் நேரொலி 6 டெசிபல் தாழ்வதே காரணம். ஆகவே, இரண்டடி தள்ளி, நடுவை விடுத்து விளிம்பை நோக்கிச் சாய்த்து வைத்தல் நலம். அறையின் மூலையில் அடித்தொனி திரளும். அங்கே அவரை அமர்த்தலாகாது. சுவர்களில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்ரயில் கடந்தபின் தொடங்குங்கள்.

அந்தக் கை ஓய்ந்த பின்னர், கற்க வரும் பேரப்பிள்ளைக்கு அப்பதிவே உஸ்தாதாக நிற்கும், இன்ஷா அல்லாஹ்.