மஞ்சள் நிறமும் ஈரலும்

நீரிழிவு என்றதும் கணையத்தை நினைக்கின்றோம், ஈரலை நினைப்பதில்லை. இரவு முழுவதும் ஒன்றும் உண்ணாமல் உறங்கியும் காலையில் சீனி ஏறியிருப்பது ஏன் என்று வைத்தியர் விளக்கும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன். உணவில்லாத வேளையில் ஈரல் தானே குளுக்கோசைத் தயாரித்து இரத்தத்தில் விடுகின்றது. இன்சுலின் அதற்குக் கடிவாளம். இரண்டாம் வகை நீரிழிவில் ஈரல் அந்தக் கடிவாளத்துக்குச் சரிவரப் பணிவதில்லை. நான் பல ஆண்டுகளாக விழுங்கிவரும் மெற்போமின் குளிசையின் முக்கிய வேலை இந்த உற்பத்தியைக் குறைப்பதே.

மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்க்குமினும் இதே வேலையைச் செய்வதை ஆய்வுகூடத்தில் வளர்த்த ஈரற் கலங்களிலும் எலிகளிலும் கண்டிருக்கிறார்கள். இதை எங்கோ படித்த உறவினர் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து வந்தபோது இரண்டு போத்தல் மஞ்சள் கப்சூல்களைக் கொண்டுவந்தார்.

"அண்ணை, இது மருந்தில்லை, சாப்பாடுதான்" என்றார்.

நம்பினேன். 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை பன்மடங்கானதையும், மஞ்சள் மூட்டைகள் கடல்வழியே களவாக வந்திறங்கிய செய்திகளையும் மறக்காத எனக்கு, வீடு தேடி வந்த மஞ்சள் கசக்குமா?

மூன்றாம் மாதம் செய்த இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் இரு மடங்காகியிருந்தன. "வேறென்ன பாவிக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார் வைத்தியர். அடுத்த நாள் போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினேன். மஞ்சட் சாரத்துடன் மிளகின் பைப்பரினும் சேர்க்கப்பட்டிருந்தது.

விடயம் அங்கேதான் இருக்கிறது. மஞ்சள் தூளில் குர்க்குமின் நூற்றுக்கு 3 பங்கு அளவே. அதிலும் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சுவதில்லை. உறிஞ்சியதையும் குடலும் ஈரலும் உடனே மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. பைப்பரின் இந்த மாற்றத்தைத் தடுக்கின்றது. 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் 2 கிராம் குர்க்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரினைக் கொடுத்தபோது, மனித இரத்தத்தில் கிடைக்கும் குர்க்குமின் 2000 சதவீதத்தால் உயர்ந்தது. கப்சூல் வியாபாரிகளுக்கு வேறென்ன வேண்டும்? நமது இரசத்திலும் மஞ்சளும் மிளகும் சேர்ந்தே கொதிக்கின்றன. ஆனால் அங்கே மஞ்சள் ஒரு சிட்டிகை.

2022இல் அமெரிக்க ஈரல் நிபுணர்கள், மஞ்சள் கப்சூல்களால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் இறந்துவிட்டார். 7 பேரிடம் ஒரே மரபணு வகை காணப்பட்டது. ஆகவே எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. யாருக்கு நேரும் என்பது போத்தலில் எழுதியிருப்பதுமில்லை.

கப்சூலை நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் நொதிகள் இறங்கின. குளிசை தொடர்கிறது, மஞ்சள் போட்ட கறியும் தொடர்கிறது.

சென்ற வாரம் உறவினர் தொலைபேசியில் வந்தார். நாவற்பழத்தின் ஊதா நிறம் ஈரலுக்கு மிகவும் நல்லதாம். அதற்கும் கப்சூல் இருக்கிறதாம்.