சும்மா

2006 ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியது. ஏ9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போவதென்றால் பலாலியில் விமானம் ஏற வேண்டும், அல்லது காங்கேசன்துறையில் திருகோணமலைக் கப்பல் ஏற வேண்டும். எதில் ஏறுவதற்கும் முதலில் இராணுவத்திடம் கிளியரன்ஸ் எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் பயணத்தின் காரணத்தை எழுத வேண்டும்.

கொழும்பிலிருந்த பெரியம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அவவுக்கு நோயில்லை, வீட்டில் கலியாணமும் இல்லை. சின்ன வயதில் என்னை இடுப்பில் வைத்துச் சோறூட்டியவ. கண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதையே எழுதி விதானையாரிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துவிட்டுப் பேனையை மூடினார்.

"தம்பி, பாக்கப் போறன் எண்டு எழுதினா விடமாட்டாங்கள். வருத்தம் எண்டு எழுதும்."

கண் பரிசோதனை என்று எழுதினேன். என் கண்களில் ஒரு குறையும் இருக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோருடைய கையிலும் ஏதோ ஒரு தாள்: வைத்தியரின் துண்டு, விசா நேர்முகக் கடிதம், கலியாண அழைப்பிதழ். மகளைப் பார்க்கப் போகும் ஒரு கிழவி யாருடையதோ அழைப்பிதழை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா. மகள் என்ற உறவு போதாமல் போயிருந்தது. அதை நினைக்க இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

புலிகளின் காலத்திலும் பாஸ் இருந்தது. பிணைக்கு ஆள் வைத்துவிட்டுத்தான் வெளியேற முடிந்தது. அதை மறைத்துவிட்டு இதைப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அரசு ஒரு வாக்கை எழுதித் தந்திருந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. தேசியப் பாதுகாப்புக்காக அதை மட்டுப்படுத்தலாம் என்கிறது அடுத்த உறுப்புரை. நாங்கள் அந்த அடுத்த உறுப்புரைக்குள்ளேயே குடியிருந்தோம்.

கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தாலும் கேள்வி விடாது. பொலிஸ் பதிவு, சோதனைச்சாவடி, "என்னத்துக்கு வந்தனீங்கள்?" 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். தகுந்த காரணமின்றித் தங்கியிருந்தார்கள் என்பதே சொல்லப்பட்ட விளக்கம். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சொந்த நாட்டின் தலைநகரில் ஒருவர் சும்மா இருக்கக் கூடாதா என்று அந்த வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஊரிலும் அந்தச் 'சும்மா' போய்விட்டது. ஊரடங்கு வந்தபின் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு அடுத்த ஒழுங்கைக்குப் போய்த் திண்ணையில் இருந்து கதைக்க முடியாது. அப்படி இருந்து கதைத்துத்தான் நாங்கள் கடன் வாங்கினோம், சம்பந்தம் பேசினோம், கோபம் ஆறினோம். பகலில் வேலையாகச் சந்தித்தவர்கள் வேலையை மட்டும் பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

கிளியரன்ஸ் கிடைத்தது. கப்பலேறி, திருகோணமலையிலிருந்து பஸ் பிடித்து பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவ என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினா. கண் கலங்கியிருந்தது. யாராவது ஒட்டுக்கேட்பார்கள் என்ற பயத்தில் அம்மா தொலைபேசியிலும் அந்தப் பொய்யையே சொல்லியிருக்கிறா.

"பெரியம்மா, கண்ணுக்கு ஒண்டுமில்லை. உங்களைப் பாக்கத்தான் வந்தனான்."

"சத்தமாச் சொல்லாத," என்று வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தா. கண்ணுக்கு நல்லதென்று பொன்னாங்காணி வறுத்து வைத்திருந்தா. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தா.