கடல் இல்லாத தீவு

தீவுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று உங்கள் வீட்டில் பேச்சு எழுந்ததுண்டா? எழுந்திருந்தால் அது எப்படி முடிந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். மாலத்தீவு என்று மகள் ஆரம்பிப்பாள். அந்தமான் என்று மகன் சற்று இறங்கி வருவான். வீட்டுக்காரர் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, நாலு பேருக்கு விமானக் கட்டணம் எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதோடு தீவு மூழ்கிவிடும். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பல் இருக்கிறதே என்றால், போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்று நாள். குழந்தைகளின் விடுமுறை கடலிலேயே கரைந்து போகும்.

கடல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தீவு மட்டும் போதும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம், விருதுநகர் மாவட்டத்துக் கூமாபட்டியைச் சேர்ந்த ஓர் இளைஞர் தண்ணீரில் நின்றுகொண்டு, தம் ஊரைத் தனித் தீவு என்று வர்ணித்து, எல்லாரும் வாருங்கள் என்று இன்ஸ்டாகிராமில் அழைத்தார். சிரித்துக்கொண்டே பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். சிரித்ததோடு நிற்காமல் வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டவர்களும் உண்டு! வெளியூரிலிருந்து குழந்தை குட்டிகளோடு வந்து இறங்கியவர்களுக்குக் காத்திருந்தது பிளவக்கல் அணையின் சாத்திய கதவு. உள்ளே போக அனுமதி இல்லை. பூங்கா பராமரிப்பின்றிக் கிடந்தது. அந்த ஆண்டிலேயே அதைச் சீர்படுத்த 10 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்று அரசு அறிவித்தது என்பது வேறு விஷயம். அன்று வந்தவர்களுக்கு வெயிலும் பெட்ரோல் செலவும்தான் மிச்சம்.

அந்தப் பிள்ளை சொன்னது பொய்யா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சாத்தூர், சிவகாசி, விருதுநகர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: கரிசல் மண், கருவேல மரம், காய்ந்த வானம். மழை பொய்த்துப் போனதால்தான் அங்கே தீப்பெட்டியும் பட்டாசும் பிழைப்பாயின. அந்த வறண்ட சீமையின் மேற்குக் கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலை வளைந்து அணைத்துக் கொள்ளும் மூலையில், வத்திராயிருப்பு, கூமாபட்டி, கான்சாபுரம் என்று சில ஊர்கள். கண்மாய், நெல் வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். தேனிப் பக்கத்து முல்லைப் பெரியாறோடு இந்தப் பெரியாற்றைக் குழப்பிக் கொள்ளாதீர்கள். காய்ந்த நிலத்துக்கு நடுவே பச்சைத் தீவு என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்தில் தேடினால் மட்டும் கிடைக்காது.

இந்தப் பக்கத்துக்கு உயிர் ஐப்பசி, கார்த்திகை மழை. அது பெய்து கண்மாய் நிறைந்த பிறகு போனால்தான் அழகு. ஆகவே பள்ளிக்கூடத்து அரையாண்டு விடுமுறையோ, பொங்கலை ஒட்டிய நாட்களோ உத்தமம். கோடை விடுமுறைக்கு இந்த ஊர் வேண்டாம்.

இனி கணக்குக்கு வருவோம். சென்னைவாசிகளுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு ஏறிப் படுத்தால் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர். 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்பாகத்தான் முன்பதிவு செய்ய முடியும். அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். சாதாரணப் படுக்கை வசதியே போதும். தங்குவதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர். மார்கழியானால் ஆண்டாள் சந்நிதிக்குக் கூட்டம் நெருக்கும், அறையை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கூமாபட்டியிலேயே தங்கிக் கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். அது விவசாயிகளின் ஊர். விடுதிகளை நம்பி வாழும் ஊர் அல்ல.

அங்கிருந்து கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்புக்குப் பஸ். நகரப் பேருந்தாகப் பார்த்து ஏறுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. குடும்பத்தில் ஆண்கள்தான் காசு கொடுத்துப் பிரயாணம் செய்வார்கள். அந்தச் சந்தோஷத்துக்காகவே போய் வரலாம்! கையில் புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், தாராளமாகக் குடிதண்ணீரும் இருந்தால் பகல் செலவு முடிந்தது. மீந்த இலையையும் காகிதத்தையும் பையிலேயே திருப்பிக் கொண்டு வருவீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கான்சாபுரத்தில் இறங்கி வயல் ஓரமாக ஒரு மணி நேரம் நடங்கள். மேற்கே மலை, கீழே நெல், நடுவில் கொக்கு. குழந்தைகள் ஊர்ப் பெயரைக் கேட்டால் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. கான்சாகிபு என்று பெயர் பெற்ற யூசுப் கான், மதுரைச் சீமையை ஆண்டு, ஆற்காட்டு நவாபை எதிர்த்து நின்று, 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர். அவர் பெயரால் வந்த ஊர் இது என்பார்கள். மதுரையில் கான்சா மேட்டுத் தெருவும் அவரைச் சொல்வதுதான்.

வயல் வேறொருவர் வீட்டு அடுப்பு எரிகிற இடம். வரப்பில் நடக்கலாம், நாற்றை மிதித்துப் படம் எடுக்கக் கூடாது. அணைக்குப் போகும் எண்ணம் இருந்தால், திறந்திருக்கிறதா என்று வத்திராயிருப்பிலேயே விசாரியுங்கள். இல்லை என்றால் இல்லைதான். வேலி தாண்ட வேண்டாம். பெரியாறு அணை நிறைந்தால் 47 அடி சொச்சம் ஆழம். நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் அந்தச் சேறு எங்கே வழுக்கும் என்று தெரியாது. மலைப்பக்கமோ 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். தோப்புகளுக்கு யானை இறங்குவதும் உண்டு. வனத்துறை அனுமதிக்காத இடத்துக்கு யார் ஆசை காட்டி அழைத்தாலும் போகாதீர்கள்.

மறுநாள் ஆண்டாள் கோயிலும் பதினோரு நிலைக் கோபுரமும். பால்கோவாவைக் கடைசியில், ரயிலுக்குக் கிளம்பும் போது வாங்குங்கள். முதல் நாளே வாங்கினால் ஊர் வந்து சேராது. வழியிலேயே டப்பா காலியாகிவிடும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. ஊர்ப் பெயரை மட்டும் எழுதி வேறெங்கோ செய்ததை விற்பவர்களும் இருப்பதால், கிண்டும் மணம் வருகிற கடையாகப் பாருங்கள்.

இன்னொன்று: காலையில் கூமாபட்டியில் இறங்கும் போதே, மாலையில் திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரைக் கேட்டுக் கைக்குட்டையில் முடிச்சுப் போட்டுக் கொள்ளுங்கள்.