அடித்து ஏற்றிய கியர்

மேஸ்திரி இன்னும் வண்டியில் கை வைக்கவில்லை. முன்கிரில்லைக் கழற்றிய டிப்பர் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி காதை மட்டும் கொடுக்கிறார். எஞ்சின் முழக்கத்துக்குள் தனியாக ஒரு சத்தம்: டக், டக், டக். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தால் அமுங்குகிறது. காலை எடுத்தால் மறுபடி வருகிறது.

“எத்தினி நாளா இருக்குது?”

“பத்து பதினஞ்சு நாளுன்னா. லோடுல தெரியாது. நின்னாத்தான்.”

திருத்தணியில், சென்னை–திருப்பதி சாலையோரத் தகரக் கொட்டகை. போர்டில் தமிழ் மேலே, தெலுங்கு கீழே. எதிர்ச் சாரியில் கிருத்திகைக் கூட்டம்: சந்தனம் அப்பிய மொட்டைத் தலைகள், மஞ்சள் வேட்டிகள், மலையைப் பார்த்து எழும் அரோகரா. டிப்பரின் நம்பர் பலகையில் ஏபி 03, பழைய சித்தூர்ப் பதிவு. டிரைவர் நகரிக்காரர், ஜல்லி ஏற்றிச் சென்னைக்கு ஓட்டுபவர். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு விழுந்தாலும் பேச்சு பிரியவில்லை. இந்தப் பட்டறையில் விலை பேசுவது தமிழில், திட்டுவது பெரும்பாலும் தெலுங்கில்.

மேஸ்திரி கண் காட்டுகிறார். பையன் ஸ்பேனரோடு ஏறி, முதல் சிலிண்டரின் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்துகிறான். டீசல் கசிகிறது. அந்தச் சிலிண்டர் ஓய்ந்து எஞ்சின் நொண்டுகிறது. சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. நட்டை இறுக்கிவிட்டு அடுத்தது, அதற்கடுத்தது என்று ஆறும் முடிகின்றன. கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருந்தால், அந்தச் சிலிண்டரை அறுத்ததும் தட்டல் குறைந்திருக்க வேண்டும். இன்ஜெக்டர் கோளாறென்றாலும் அப்படித்தான். ஆறில் எதற்கும் இந்தச் சத்தம் கட்டுப்படவில்லை.

ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் வைத்துக்கொள்கிறார். பம்ப் பக்கம், தண்ணீர்ப் பம்ப் பக்கம், பிறகு டைமிங் கவரின் நடுப்பகுதி. அங்கே நகராமல் நிற்கிறார். கண் மூடிக்கொள்கிறது.

“நிறுத்து வண்டிய.”

டிரைவரின் முகம் விழுகிறது. டைமிங் கவர் என்றால் ரேடியேட்டர் இறங்க வேண்டும், ஃபேன் கழல வேண்டும், டேம்பர் புல்லி வர வேண்டும். இன்றைய லோடு போச்சு; நாளைய லோடும் போச்சு.

ஆயிலை வடித்ததும் பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தை அதில் விட்டுத் துழாவுகிறார் மேஸ்திரி. மை போல் கொஞ்சம் தூள் ஒட்டுகிறது. விரலில் தேய்த்து வெயிலில் காட்டுகிறார். மினுக்குகிறது. துண்டு எதுவும் இல்லை.

கவர் திறக்கிறது. உள்ளே மூன்று பல்சக்கரங்கள், ஆயில் பூசிய கறுப்பில். கீழே சின்னது கிராங்க் கியர். அதைக் கவ்வி நிற்கும் பெரியது கேம் கியர். பக்கத்தில் டீசல் பம்பை ஓட்டும் கியர். கேம் கியருக்குக் கிராங்க் கியரைப் போல இருமடங்கு பல். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் இது ஒரு சுற்று. எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பது இங்கே தீர்மானமாகிறது. டீசல் எப்போது பீய்ச்ச வேண்டும் என்பதும் இந்த வரிசையில்தான். வண்டியின் பலம் சிலிண்டரில் இருக்கலாம். ஒழுங்கு இந்த மூன்றிடம் இருக்கிறது.

டீசலில் நனைத்த பிரஷ்ஷால் பையன் கழுவுகிறான். மேஸ்திரி எஞ்சினைக் கையால் சுற்றவிட்டு, பல் பல்லாகப் பார்க்கிறார். ஒரு பல்கூட உடையவில்லை. குழியோ சிதைவோ இல்லை. டிரைவரும் எட்டிப் பார்க்கிறார்.

“அன்னா, ஏமீ கனிபிஞ்சலேது.” ஒன்றும் தெரியவில்லையாம்.

மேஸ்திரி பதில் சொல்வதில்லை. கிராங்க்கை அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, கேம் கியரை இரண்டு கையாலும் பற்றி இப்படியும் அப்படியும் திருப்புகிறார். பல்லுக்குப் பல் இருக்க வேண்டிய இடைவெளிக்கு மேலே, இன்னும் கொஞ்சம் அசைகிறது. முகத்தில் எதுவும் தெரியவில்லை. “கேம் ஷாஃப்ட்டை இறக்கணும்” என்கிறார்.

அதை இறக்குவது லேசில்லை. மேலிருந்து அழுத்தும் பன்னிரண்டு டேப்பெட்டுகள் வழிவிட வேண்டும். கைதவறினால் சம்ப்புக்குள் விழும். பெட்டியிலிருந்து பன்னிரண்டு மரக்குச்சிகள் வெளியே வருகின்றன. லாத்தில் கடைந்தவை, கைப்பட்டுக் கறுத்தவை. புஷ் ராடை உருவிய துளை வழியே ஒவ்வொரு குச்சியையும் இறக்கி, டேப்பெட்டின் குழிக்குள் தட்டி இறுக்கி, மேலே இழுத்து, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பரால் ஜோடி ஜோடியாகக் கட்டுகிறான் பையன். எஞ்சின் தலையில் குச்சிகள் வரிசையாக நிற்க, ஷாஃப்ட் கியரோடு முன்பக்கமாக உருவி வருகிறது. மேஸ்திரி ஒரு கையைக் கீழே தாங்கலாகக் கொடுத்து, பேரிங்கில் உரசாமல் வாங்கிக்கொள்கிறார்.

ஷாஃப்ட்டைக் கைப்பிரஸ்ஸில் நிறுத்துகிறார்கள். இந்தக் கியர் சூட்டில் ஏற்றுவது. துளை ஷாஃப்ட்டைவிட நூலிழை சின்னது. குளிர்ந்ததும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால் பிரஸ் முனகும். பையன் நெம்புகோலில் தொங்கத் தயாராகிறான். லேசாக ஒரு அழுத்தம், அவ்வளவுதான். கியர் கழன்று மேஸ்திரியின் உள்ளங்கையில் இறங்குகிறது.

கழன்ற வேகம்தான் அவரை நிமிர வைக்கிறது. இவ்வளவு சுலபமாக வரக்கூடாதது வந்திருக்கிறது.

கழுவித் துடைத்து, துளையில் கயிறு கோத்துத் தொங்கவிடுகிறார். சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. சந்தையில் பானை வாங்குகிறவர்கள் சுண்டிப் பார்ப்பார்களே, அந்தச் சோதனைதான் இது. ‘கணீர்’ என்று நீள வேண்டியது ‘சத்’ என்று செத்து விழுகிறது. அந்தக் காலத்தில் ரயில் நின்றதும் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார்களே, அவர்கள் தேடியதும் இந்தச் செத்த ஒலியைத்தான். மேஸ்திரி இன்னொரு தட்டுத் தட்டிவிட்டு டிரைவரைப் பார்க்கிறார். இந்த முறை டிரைவர் எதுவும் சொல்லவில்லை.

கேட்டதைக் காட்ட வேண்டும். கியர் மண்ணெண்ணெயில் ஊறுகிறது. எடுத்து நன்றாகத் துடைத்து உலர்த்தி, அரைத்த சாக்பீஸ் தூளை மேலே தூவுகிறார்கள். வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. டீ வருகிறது, கிளாஸ் காலியாகிறது. கியரையும் ஷாஃப்ட்டையும் பூட்டும் சாவி உட்காரும் சாவிக்குழியின் மூலையிலிருந்து, வெள்ளையில் ஒரு ஈரக்கோடு மெதுவாக ஊறி எழுகிறது. முடியளவு தடிமன். கொஞ்சம் வளைந்து, பல்லின் அடிவாரத்தை எட்டுவதற்கு முன் நிற்கிறது. விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெயைத் தூள் உறிஞ்சி வெளியே கொண்டுவந்திருக்கிறது.

“விரிசல் விட்டா துளை பெருசாயிடும். புடி போயிடும். சாவி மட்டும் அடி வாங்கும். அதான் டக் டக்.”

எஞ்சின் நிமிஷத்துக்கு 2400 சுற்றுச் சுற்றினால் இந்தக் கியர் 1200 சுற்றுகிறது, மணிக்கு 72,000. எஃகை ஒரே அடியில் உடைக்க முடியாத சுமை, லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப விழுந்தால் உடைத்துவிடும். ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ஆண்டுக்கணக்கில் சோதித்துச் சொன்னது இதைத்தான். கூர்மையான மூலை இருந்தால் விரிசல் அங்கே தொடங்கும். சாவிக்குழி அப்படியொரு மூலை.

டிரைவர் போனை எடுத்துவிட்டார், புதுக் கியருக்குச் சொல்லிவிட. மேஸ்திரி கையமர்த்துகிறார். தூளைத் துடைத்து, கியரின் முகப்பை வெயிலில் சாய்த்துப் பிடிக்கிறார். துளையைச் சுற்றி மூன்று நான்கு பிறைக்குழிகள். சுத்தியல் பட்ட தழும்பு.

“பாத்தியா? சூடு பண்ணாம அடிச்சு ஏத்தியிருக்கான்.”

“எவன்னா அது?”

“எவனோ அவசரத்துல இருந்தவன்.”

முந்திய பட்டறையின் பெயரை டிரைவர் சொல்ல வாயெடுக்கிறார். மேஸ்திரி கேட்டுக்கொள்ளாமல் கியரைக் கீழே வைக்கிறார்.

ஓனர் போனில் நம்ப மறுக்கிறார். பல் உடையாத கியரை எதற்கு மாற்ற வேண்டும்? டிரைவர் போனை நீட்ட, மேஸ்திரி கியரை மறுபடி தொங்கவிட்டுத் தட்டுகிறார்: சத். பக்கத்தில் வேறொரு பழைய கியரைத் தட்டுகிறார்: கணீர். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, புதுப்பேட்டையில் பழசு பாதி விலைக்குக் கிடைக்குமே என்கிறார் ஓனர். “கெடைக்கும். அதை எவன் எப்படிக் கழட்டினானோ” என்று மட்டும் மேஸ்திரி சொல்கிறார். சென்னை ஜி.பி. ரோட்டுக்குக் கிளீனர் போய், மெழுகுத்தாள் சுற்றிய புதுக் கியரை மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் திரும்புகிறான்.

கொட்டகையின் மூலையில் பழைய கேக் அடுப்பு ஒன்று. மேஸ்திரியின் வீட்டில் ஓய்வு பெற்று இங்கே வேலைக்குச் சேர்ந்தது. சூட்டுத் திருகை 120 பாகையில் வைத்து, கழுவிய புதுக் கியரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறான் பையன். முக்கால் மணி நேரம். கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் முடியும். ஆனால் சூடு ஓரிடத்தில் ஏறி, பல்லின் பதம் போய்விடும். அடுப்புச் சூடு எல்லாப் பக்கமும் சமமாக ஏறும். 40 மில்லிமீட்டர் துளை அறைச் சூட்டிலிருந்து 90 பாகை சூடேறினால் விரிவது ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர். அந்த இடம் போதும்.

நேரம் ஆனதும் தோல் கையுறையோடு கியரை எடுத்து, சாவிக்கு நேராகப் பிடித்து, ஷாஃப்ட்டில் இறக்குகிறார். தடையில்லாமல் வழுக்கிப் போய்த் தோளில் உட்காருகிறது. எண்ணிப் பத்துக்குள் இறுகிவிடும். கோணலாக நின்றால் திருத்த வழியில்லை. கையை எடுத்ததும் சுண்டிப் பார்த்துவிட்டுத் தலையசைக்கிறார். சுத்தியல் பெட்டியிலேயே இருக்கிறது.

ஷாஃப்ட்டை உள்ளே செலுத்தும்போது கிராங்க் கியரின் ஒற்றைப் புள்ளி, கேம் கியரின் இரட்டைப் புள்ளிகளுக்கு நடுவே விழ வேண்டும். பம்ப் கியருக்கும் அதன் அடையாளம். ஒரு பல் தவறினால் வால்வு தன் நேரத்தை விட்டுவிடும். பிஸ்டனோடு மோதவும் செய்யலாம். மேஸ்திரி பார்க்கிறார். பையனைப் பார்க்கச் சொல்கிறார். டிரைவரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார். மூன்று பேரும் சரி என்ற பிறகே குச்சிகளின் ரப்பர் அவிழ்கிறது.

பூட்டி, ஆயில் ஊற்றி, கைப்பம்பை அடித்து டீசல் லைனில் ஏர் எடுக்கிறார்கள். செல்ஃப் இரண்டு முறை இழுத்து ஓய்கிறது. மூன்றாவதில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பிடிக்கிறது. ஐட்லிங்கில் டக் இல்லை. “பாகுந்தி” என்கிறார் டிரைவர், மேஸ்திரி சொல்வதற்கு முன்பே.

பில் எழுதும்போது பையனைத் திரும்பி நிற்கச் சொல்லி, இரண்டு பழைய கியர்களை மாற்றி மாற்றித் தட்டுகிறார் மேஸ்திரி. “எது?” முதலில் தப்பாகச் சொல்கிறான். மறுபடி தட்டல். சரியாகச் சொல்கிறான். இன்னும் கொஞ்சம் மெதுவாகத் தட்டிக் கேட்கிறார்; தயங்கி, சரியாகச் சொல்கிறான்.

விரிசலைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, கியரைச் சாக்கில் சுற்றி டிரைவரிடம் கொடுக்கிறார்.

“ஓனருக்குக் காட்டு. ஐநூறு கிலோமீட்டர்ல ஆயில் மாத்த வா. வரும்போது இதையும் கொண்டா.”

“இது எதுக்குன்னா? எடைக்குப் போட்டா டீச்செலவாச்சும் வரும்.”

“அந்த இரும்பு விலைய பில்லுல கழிச்சிட்டேன். பையன் இன்னும் பத்துத் தடவ கேக்கணும்.”